பணப்பை யார் கையில்? ஸ்காட்லாந்தின் நீண்ட வாக்குவாதம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், ஒரு நாடு முதலில் சம்பாதிக்க வேண்டும், பிறகுதான் பங்கு போட வேண்டும் என்றார். அடுத்துப் பேசிய அம்மையார், பசித்தவரைப் பார்த்து 'வளர்ச்சி வரும்வரை பொறுத்திரு' என்று சொல்ல எந்த அரசாங்கத்திற்கும் உரிமை இல்லை என்றார். இருவருக்கும் கைத்தட்டல் கிடைத்தது. இந்த இரண்டு வாதங்களையும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டு, இன்னும் பேசி முடிக்காத ஒரு நாடு உண்டு. அதுதான் ஸ்காட்லாந்து. மக்கள் தொகை ஐந்தரை மில்லியன். நமது சிலாங்கூர் மாநிலத்தைவிடக் குறைவு.

நமக்கு முற்றிலும் அந்நியமான நாடும் அன்று. 1821-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்துக்காரர்தான். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் ரப்பர் மரம் சீவினார்கள். ஆகவே, அந்த நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கும் ஒரு சிறு கணக்கு உண்டு. ஆனால், இன்று நான் பேச வந்தது அந்தக் கணக்கு அல்ல. அந்நாட்டு ஏழைக்கு யார் உதவ வேண்டும், அதற்கான பணம் எங்கிருந்து வரவேண்டும் என்ற அவர்களுடைய சொந்தக் கணக்கு.

முதலில் ஒரு சிறு பின்னணி. 1690-களில் ஸ்காட்லாந்து தனி நாடாளுமன்றம் கொண்ட நாடு. வாணிபத்தில் முன்னேற வேண்டும் என்ற ஆசையில், பனாமா நிலப்பகுதியில் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்க மக்களிடம் பங்கு திரட்டினார்கள். 1698-இலும் 1699-இலும் கப்பல்கள் போயின. காய்ச்சலும் பட்டினியும் ஸ்பானியர்களும் சேர்ந்து எல்லாவற்றையும் அழித்தனர். நாட்டின் சேமிப்பில் பெரும்பகுதி கடலில் கரைந்தது. 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது, 398,085 பவுண்டும் 10 ஷில்லிங்கும் ஸ்காட்லாந்துக்குக் கொடுக்கப்பட்டன. டேரியன் பங்குதாரர்களுக்கு இழப்பீடும் அதிலிருந்தே வந்தது. இந்த இணைப்பே ஒரு காசோலையோடுதான் தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாடாளுமன்றம் போனது, ஆனால் சட்டமும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் ஸ்காட்லாந்தின் கையிலேயே இருந்தன. ஏழைகளுக்கு உதவும் பொறுப்பும் அப்படியே தேவாலயத்திடம் இருந்தது. இது முக்கியம். இங்கேதான் நம் கதை ஆரம்பமாகிறது.

பாதிரியாரும் மருத்துவரும்

தாமஸ் சால்மர்ஸ் என்று ஒரு பாதிரியார். பெரிய பேச்சாளர். கணிதமும் பொருளாதாரமும் படித்தவர். 1815-இல் கிளாஸ்கோ நகருக்கு வந்தார். பருத்தி ஆலைகளும் புகைபோக்கிகளும் பெருகி, கிராமங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தில் ஏழைகளுக்கென்று கட்டாய வரி வசூலித்து உதவினார்கள். ஸ்காட்லாந்திலோ பெரும்பாலான ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் விழும் காணிக்கையே ஏழைகளுக்கான நிதி. அந்தப் பழைய முறையே சிறந்தது என்பது சால்மர்ஸின் உறுதியான நம்பிக்கை. கட்டாய வரி வந்தால் கொடுப்பவன் மனத்தில் இரக்கம் போய்விடும், வாங்குபவன் மனத்தில் முயற்சி போய்விடும், மகன் தாயைக் காப்பாற்ற மாட்டான், அண்டை வீட்டார் எட்டிப் பார்க்க மாட்டார் என்பது அவர் வாதம்.

வெறும் பேச்சோடு அவர் நிற்கவில்லை. 1819-இல் செயின்ட் ஜான்ஸ் என்ற புதிய தேவாலய வட்டாரத்தை ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த, நகரின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. அதை 25 சிறு பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தார். உதவி கேட்பவர் வீட்டுக்கு அந்தப் பொறுப்பாளர் நேரில் போவார். வேலை கிடைக்குமா, உறவினர் இருக்கிறாரா, அண்டை அயலார் உதவுவாரா என்று விசாரிப்பார். எதுவுமே இல்லை என்றால்தான் காசு. ஆண்டுக்கு 1,400 பவுண்ட் ஆகிக்கொண்டிருந்த ஏழை உதவிச் செலவு 280 பவுண்டாகக் குறைந்துவிட்டதாகக் கணக்கு வெளிவந்தது. நான்கு ஆண்டுகளில் அவர் பேராசிரியர் பதவி ஏற்று வெளியூர் போய்விட்டார். திட்டம் 1837 வரை இழுத்துப் பிடித்து ஓடி, பிறகு கைவிடப்பட்டது.

செலவு குறைந்தது உண்மை. வறுமை குறைந்ததா? 280 பவுண்ட் என்பது உதவி பெற்றவர்களின் கணக்கு. உதவி கேட்கவே கூசி, அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கணக்கு அதில் இல்லை. இன்றும் 'உதவி பெறுவோர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டோம்' என்று அரசாங்கங்கள் அறிவிக்கும்போது எனக்குச் சால்மர்ஸின் நினைவு வருவதுண்டு.

அவருக்கு எதிராக எழுந்தவர் அரசியல்வாதி அல்லர், மருத்துவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் வில்லியம் புல்டினி அலிசன். நகரின் சந்துகளில் நச்சுக் காய்ச்சல் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். காய்ச்சலுக்கு அழுக்கும் துர்நாற்றமுமே காரணம் என்று இங்கிலாந்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, பட்டினியும் வேலையின்மையும்தான் காய்ச்சலைப் பரப்புகின்றன என்றார் இவர். 1840-இல் இதை நூலாக வெளியிட்டார். ஸ்காட்லாந்திலும் கட்டாய ஏழை வரி வேண்டும், உடல் திடமிருந்தும் வேலை கிடைக்காதவருக்கும் உதவி வேண்டும் என்று கோரினார்.

அவர் எழுதிய சம்பவம் ஒன்று பிற்பாடு புகழ்பெற்றது. எடின்பரோவில் ஓர் அயர்லாந்து விதவை, மூன்று பிள்ளைகளோடு ஒவ்வொரு தரும நிறுவனமாகப் போய் உதவி கேட்டாள். எல்லாரும் கைவிரித்தார்கள். கடைசியில் காய்ச்சல் கண்டு இறந்தாள். அவளிடமிருந்து தொற்றி அதே சந்தில் மேலும் பதினேழு பேர் இறந்தார்கள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1843-இல் தமது நூலில் இதை எடுத்துக்காட்டி நாடெங்கும் பரப்பினார். அந்தப் பெண்ணுக்கு உதவியிருந்தால் ஆகியிருக்கும் செலவு எவ்வளவு, உதவாததால் ஆன செலவு எவ்வளவு? இதை இரக்கத்தின் பெயரால் கேட்காமல் கணக்கின் பெயரால் கேட்டதுதான் அலிசனின் பலம்.

1840-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் பாதிரியாரும் மருத்துவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். இன்று நாம் நடத்தும் கருத்தரங்குக்கு அதை முன்னோடி என்றே சொல்லலாம்; அப்போது ஒளிபரப்பத்தான் வசதியில்லை!

வாதத்தை முடித்து வைத்தது வாதம் அல்ல. 1843-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்து தேவாலயம் இரண்டாக உடைந்தது. பாதிரிமாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிப் புதிய தேவாலயம் கண்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சால்மர்ஸ். ஊருக்கு ஒரு தேவாலயம், அதன் வாசலில் ஒரு காணிக்கைத் தட்டு, அதிலிருந்து ஏழைக்கு உதவி என்ற அவருடைய திட்டத்தின் அடித்தளத்தை அவரே பிளந்துவிட்டார். 1845-இல் ஏழைகள் சட்டம் வந்தது. வட்டாரந்தோறும் ஏழை உதவி வாரியம், ஊதியம் பெறும் அதிகாரி, மேற்பார்வைக்கு எடின்பரோவில் ஒரு குழு என ஏற்பாடாகி, ஊருக்கு ஊர் வரி வசூலும் பரவியது. ஆனால், அலிசன் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. உடல் திடமுள்ள வேலையற்றவருக்கு உரிமை இல்லை என்றது சட்டம்.

அடுத்த ஆண்டே மலைப்பகுதிகளில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. ஒரு நாள் முழுவதும் உழைத்தால் ஏறக்குறைய ஒரு பவுண்ட் எடை மாவு என்று நிவாரணத்துக்கு விதி வைத்தார்கள். சும்மா கொடுத்தால் மக்கள் கெட்டுவிடுவார்கள் என்ற எண்ணம். அந்தக் கடுமைக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர், லண்டன் கருவூலத்தின் உயர் அதிகாரி சார்ல்ஸ் டிரெவிலியன். இவரை நம் தமிழக வரலாறும் அறியும். 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். இந்தியாவில் வருமான வரி விதிக்க ஜேம்ஸ் வில்சன் என்பவர் திட்டம் கொண்டுவந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்து, 1860-இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அந்த வில்சனோ ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஸ்காட்லாந்துப் பஞ்சத்தில் கருவூலத்தைக் காத்தவர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போட்ட வரியால் சென்னையில் பதவி இழந்தார்!

கப்பல் கட்டியவர்களின் கதை

அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். நிலக்கரி, இரும்பு, ரயில் எந்திரம், கப்பல் எனத் தொழில்கள் பெருகின. 1913-இல் உலகில் கட்டப்பட்ட கப்பல்களில் எடைக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிளைட் நதிக்கரையில் இறக்கப்பட்டது. முன்பு பேசிய நண்பர் கேட்ட வளர்ச்சி இதுதான். அதே நகரில் அதே காலத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்ததும் உண்மை. 1915-இல் வீட்டு வாடகையை உயர்த்தியபோது மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருவில் இறங்கி வாடகை கொடுக்க மறுத்தார்கள். அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1924-இல் முதல் தொழிற்கட்சி அரசில் அமைச்சராயிருந்த கிளாஸ்கோ உறுப்பினர் ஜான் வீட்லி, அரசாங்க மானியத்தில் வீடு கட்டும் சட்டத்தை நிறைவேற்றினார்.

அதற்கும் முன்பே ஓர் அருமையான காரியம் நடந்திருந்தது. மலைப்பகுதியிலும் தீவுகளிலும் மருத்துவர்களுக்குப் பிழைப்பில்லை; நோயாளிகளிடம் பணமில்லை. 1912-இல் சர் ஜான் டியூவார் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. 1913-இல் ஆண்டுக்கு 42,000 பவுண்ட் அரசு மானியத்தோடு ஒரு மருத்துவச் சேவை தொடங்கிற்று. பிரிட்டன் முழுமைக்குமான தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது 1948-இல். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, வளர்ச்சி எட்டிப் பார்க்காத தீவுகளில், அரசாங்கச் செலவில் மருத்துவர் படகேறிப் போனார். இதனால் அங்கு யாரும் சோம்பேறியாகிவிட்டதாகச் செய்தி இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் தொழில் சரிந்தது. ஜப்பான் முந்தியது. அப்போது அரசாங்கம் வேறொரு வழியை எடுத்தது. தொழிற்சாலையையே கொண்டுவந்து நட்டுவிடுவது. 1958-இல் பிரதமர் மெக்மில்லன், ஒரு பெரிய எஃகுத் தகட்டு ஆலையை வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்தின் ரேவன்ஸ்கிரெய்குக்குமாக இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பொருளாதாரம் கேட்டது ஓர் ஆலை. அரசியல் கேட்டது இரண்டு. 1963-இல் லின்வுட் என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கு ஹில்மன் இம்ப் என்ற சிறிய கார் உற்பத்தியானது. எந்திரத்தின் வார்ப்பை லின்வுட்டில் செய்வார்கள். அதைக் கடைசலுக்காக இங்கிலாந்தின் கொவென்ட்ரிக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து காரில் பொருத்துவார்கள். போக வர 600 மைல்! லின்வுட் 1981-இல் மூடப்பட்டது, ரேவன்ஸ்கிரெய்க் 1992-இல். அரசாங்கச் செலவு என்றாலே நன்மைதான் என்று கருதும் அன்பர்கள் அந்த 600 மைலைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதம் செய்பவர்களுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1971-இல் கிளைட் நதியின் கப்பல் கட்டும் நிறுவனம் நொடித்தது. நொண்டி வாத்துகளுக்குத் தீனி போட மாட்டோம் என்றது அன்றைய பழமைவாதக் கட்சி அரசாங்கம். தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்யவில்லை. ஜிம்மி ரீட் போன்றோர் தலைமையில் ஆலைக்குள் புகுந்து வேலை செய்துகொண்டே போராடினார்கள். குடிக்கக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 1972-இல் அதே அரசாங்கம் 35 மில்லியன் பவுண்ட் கொடுத்தது.

கடலடியில் கிடைத்த பணம்

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். 1970-இல் அபர்டீன் கரைக்கு அப்பால் ஃபோர்ட்டீஸ் வயலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1975-இல் எண்ணெய் கரைக்கு வந்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 'இது ஸ்காட்லாந்தின் எண்ணெய்' என்று முழங்கி, 1974 அக்டோபர் தேர்தலில் 30 விழுக்காடு வாக்கும் 11 இடங்களும் பெற்றது. எண்ணெய் வருமானத்தில் மாநிலத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி நம் திரெங்கானு மாநிலத்தாருக்குப் புதிதல்ல. அவர்களுக்கு இதன் சூடு நன்கு விளங்கும்.

அதே 1974-இல் அரசாங்கப் பொருளாதார நிபுணர் கவின் மெக்ரோன் ஓர் அறிக்கை எழுதினார். ஸ்காட்லாந்து தனி நாடானால் எண்ணெய் வருமானத்தால் அதன் கருவூலம் நிரம்பி வழியும், அதன் நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவானவற்றுள் ஒன்றாகும் என்பது அவர் கணிப்பு. அறிக்கை இரகசியமாக வைக்கப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 2005-இல்தான் வெளியே வந்தது. எண்ணெய் வருமானம் 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 12 பில்லியன் பவுண்டைத் தொட்டது. எல்லாம் லண்டனின் பொதுக் கணக்கில் சேர்ந்து அன்றாடச் செலவில் கரைந்தது. அதே கடலின் மறுகரையில் உள்ள நார்வே, 1990-இல் சட்டம் இயற்றி ஒரு சேமிப்பு நிதியை அமைத்தது. முதல் பணம் 1996-இல்தான் போடப்பட்டது. இன்று அந்த நிதி 1.5 டிரில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டி நிற்கிறது.

நார்வேயை எல்லாரும் சொல்வார்கள். நான் ஷெட்லாந்தைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் வடகோடித் தீவுக் கூட்டம். சுமார் 23,000 பேர் வாழ்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்கள் வந்து கதவைத் தட்டியபோது, அந்தச் சிறிய ஊராட்சி மன்றம் நேரே லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய் 1974-இல் தனக்கென்று ஒரு சட்டம் பெற்றது. சல்லம் வோ துறைமுகத்தில் இறங்கும் எண்ணெயின்மீது கட்டணம் வாங்கி, அதை ஓர் அறக்கட்டளையில் போட்டது. முதியோர் பராமரிப்பு இல்லங்கள், விளையாட்டு மையங்கள், கலை நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. பேரரசு சேமிக்கவில்லை, ஊராட்சி மன்றம் சேமித்தது. வளர்ச்சியா நலனா என்று அங்கு யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் என்பதை மட்டும் முதலில் தீர்த்துக்கொண்டார்கள்.

ஒரு சூத்திரத்தின் ஆயுள்

எண்ணெய் லண்டனுக்குப் போனது என்றால், லண்டனிலிருந்து என்ன வந்தது? 1888-இல் நிதியமைச்சர் கோஷன் ஒரு விகிதம் வைத்தார். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 80, ஸ்காட்லாந்துக்கு 11, அயர்லாந்துக்கு 9. அது பல ஆண்டுகள் வழிகாட்டியாக ஓடியது. 1970-களின் இறுதியில் கருவூலத்தின் இரண்டாம் நிலை அமைச்சர் ஜோயல் பார்னெட் புதிய சூத்திரம் ஒன்றை வகுத்தார். இங்கிலாந்தில் மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவு எவ்வளவு கூடுகிறதோ, அந்தக் கூடுதலில் மக்கள் தொகைக்கு ஏற்ற பங்கு ஸ்காட்லாந்துக்கும் வரும். தொடக்க விகிதம் இங்கிலாந்து 85, ஸ்காட்லாந்து 10, வேல்ஸ் 5. கவனியுங்கள், கூடுதலுக்குத்தான் சூத்திரம். ஏற்கெனவே தலைக்கு அதிகமாகக் கிடைத்துக்கொண்டிருந்த தொகை அப்படியே நின்றது. ஓராண்டு, ஈராண்டுக்கென்று போட்ட தற்காலிக ஏற்பாடு இது, இதை மாற்றுங்கள் என்று பார்னெட் பிரபுவே முதுமையில் மன்றாடினார். 2009-இல் பிரபுக்கள் அவையின் குழுவும் அதையே சொன்னது. 2014-இல் அவர் காலமானார். சூத்திரம் அவரையும் தாண்டி வாழ்கிறது.

1979 பொதுவாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் தனிச் சட்டமன்றம் வேண்டும் என்றனர். ஆனால், மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காடு வேண்டும் என்ற நிபந்தனையால் அது நிறைவேறவில்லை. பிறகு மார்கரெட் தாட்சரின் ஆட்சி. 1988-இல் அவர் ஸ்காட்லாந்து தேவாலயப் பேரவையிலேயே போய், உழைத்துச் சம்பாதிப்பதன் சிறப்பைப் பேசினார். சால்மர்ஸின் குரல் நூற்றைம்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தாற்போல இருந்தது. ஆனால், சால்மர்ஸின் அண்டை வீட்டார் உதவி என்ற பாதி அதில் மங்கிப்போயிருந்தது. 1989-இல் ஆளுக்கு இவ்வளவு என்ற தலை வரி, இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே ஸ்காட்லாந்தில் விதிக்கப்பட்டது. கோட்டையில் வாழ்பவருக்கும் குடிசையில் வாழ்பவருக்கும் ஒரே வரி. ஏராளமானோர் கட்ட மறுத்தனர். 1997 வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் தனி நாடாளுமன்றம் கேட்டதற்கு இந்த ஒரு வரியின் கசப்பும் காரணம் என்பது என் கருத்து.

1999-இல் எடின்பரோவில் நாடாளுமன்றம் கூடியது. வருமான வரியைப் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ அதற்கு அதிகாரம் இருந்தது. ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. ஏன் பயன்படுத்த வேண்டும்? லண்டனிலிருந்து மானியம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வந்தது. 2002 முதல் முதியோருக்கு இலவசத் தனிநபர் பராமரிப்பு வந்தது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது போன்றவை அதில் அடங்கும். சதர்லாண்ட் பிரபு தலைமையிலான ஆணையம் இதை பிரிட்டன் முழுமைக்கும் பரிந்துரைத்தது. லண்டன் மறுத்தது, எடின்பரோ ஏற்றது. பல்கலைக்கழகக் கட்டணம் நீக்கப்பட்டது. 2011-இல் மருந்துச் சீட்டுக் கட்டணமும் போனது. நல்ல காரியங்கள்தாம். ஆனால், ஒரு கையால் வரி வாங்கி மறு கையால் கொடுக்கும் அரசாங்கத்துக்கு இருக்கும் தயக்கம், கொடுக்கும் கை மட்டுமே உள்ள அரசாங்கத்துக்கு வராது. 2010-இல் அமைக்கப்பட்ட வரவு செலவு ஆய்வுக் குழு, எல்லாருக்கும் எல்லாம் இலவசம் என்பது தொடர முடியுமா என்று கேட்டது. 2012-இல் தொழிற்கட்சியின் ஸ்காட்லாந்துத் தலைவர் ஜோஹான் லமோன்ட் அதே கேள்வியை எழுப்பி, சொந்தக் கட்சிக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வளர்ச்சிப் பக்கம் என்ன நடந்தது? தேசியக் கட்சித் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட், ஐஸ்லாந்து, அயர்லாந்து, நார்வே எனச் செழிப்பின் வளைவு ஒன்றைக் காட்டி, நாமும் அதில் சேருவோம் என்றார். 2007-இல் ஆட்சியைப் பிடித்தார். 2008-இல் ஐஸ்லாந்தின் வங்கிகள் வீழ்ந்தன. எடின்பரோவின் பெருமையான ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்ற லண்டன் 45 பில்லியன் பவுண்ட் போட்டது. முன்பு அதே வங்கியில் பொருளாதார நிபுணராக வேலை பார்த்தவர் சால்மண்ட். 2013 நவம்பரில் வெளியான சுதந்திர வெள்ளை அறிக்கை, எண்ணெய் பீப்பாய் 110 டாலருக்கு விற்கும் என்று கணக்குப் போட்டு, 2016-17-இல் குறைந்தது 6.8 பில்லியன் பவுண்ட் வரும் என்றது. 2014 செப்டம்பர் 18-இல் 55.3 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தனர். அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. 2015-16-இல் ஸ்காட்லாந்தின் பங்காகக் கணக்கிடப்பட்ட எண்ணெய் வருமானம் வெறும் 60 மில்லியன். பில்லியன் அல்ல நேயர்களே, மில்லியன்.

இதைக் காட்டி, ஸ்காட்லாந்து பிச்சைக்கார நாடு என்று லண்டன் பத்திரிகைகள் சில எழுதும். 1992 முதல் அரசாங்கம் ஒரு வரவு செலவுக் கணக்கு வெளியிடுகிறது. 2011-12-இல் அதன்படி ஸ்காட்லாந்தின் பற்றாக்குறை அதன் பொருளாதாரத்தில் 5 விழுக்காடு. ஐக்கிய இராச்சியம் முழுமைக்கும் 7.9. அந்த ஆண்டு எண்ணெய் கைகொடுத்தது. 2024-25-இல் ஸ்காட்லாந்தின் பற்றாக்குறை 26 பில்லியன் பவுண்டைத் தாண்டி 11 விழுக்காட்டுக்கு மேல் போனது; ஐக்கிய இராச்சியத்துக்கு 5 விழுக்காட்டளவுதான். தலைக்கு 2,600 பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது என்கிறது கணக்கு. தீவுக்குத் தீவு மருத்துவர் அனுப்பும் நாட்டில் செலவு கூடத்தான் செய்யும். ஆனால், முழு வேறுபாட்டையும் தீவின் தலையில் கட்டிவிட முடியாது.

உண்மையான மாற்றம் 2016 சட்டத்தால் வந்தது. 2017 ஏப்ரல் முதல் சம்பளத்தின் மீதான வருமான வரி விகிதங்களை எடின்பரோவே நிர்ணயிக்கிறது. சமூகநல உதவிகளில் ஒரு பகுதியும் அதன் கைக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. ஸ்காட்லாந்து மக்களின் வரி வருமானம், மற்றப் பகுதிகளைவிட மெதுவாக வளர்ந்தால் மானியம் வழியாக வரும் பணத்தில் இழப்பு. வேகமாக வளர்ந்தால் இலாபம். நண்பர் சொன்ன வளர்ச்சியும் அம்மையார் சொன்ன நலனும் முதல் முறையாக ஒரே கணக்கேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதப்பட்டன. ஆண்டுக்கு 50,000 பவுண்ட் சம்பாதிக்கும் ஒருவர் 2025-26-இல் இங்கிலாந்தைவிடச் சுமார் 1,500 பவுண்ட் அதிகம் வரி கட்டினார். ஆனால், சம்பள வளர்ச்சி மந்தமாக இருந்த ஆண்டுகளில், கூடுதலாக வாங்கிய வரியில் ஒரு பகுதிதான் கைக்கு மிஞ்சியது. மீதியை அந்த நிபந்தனை தின்றது.

அந்தப் பணம் எங்கே போனது? 2021-இல், வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாரம் 10 பவுண்ட் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் அது 25 ஆயிற்று, 2025-இல் 27.15. அலிசன் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். 2023-24-க்குள் ஏழ்மையில் உள்ள பிள்ளைகளை 18 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவோம் என்று சட்டமே போட்டிருந்தார்கள். அடைந்தது 22 விழுக்காடு. இலக்கு தவறிவிட்டது என்று எதிர்க்கட்சிகள் சொல்கின்றன, உண்மை. அதே ஆண்டில் ஐக்கிய இராச்சியம் முழுமைக்கும் அது 31 விழுக்காடு என்று அரசாங்கம் சொல்கிறது, அதுவும் உண்மை. 2024-இல் முதலமைச்சரான ஜான் ஸ்வின்னி, பிள்ளைகளின் வறுமையை ஒழிப்பதும் பொருளாதார வளர்ச்சியும் தம் முதன்மைப் பணிகள் என்று ஒரே மூச்சில் அறிவித்தார். அடுத்த இலக்கு 2030-31-க்குள் 10 விழுக்காட்டுக்கும் கீழே. அதற்கு வாரம் எவ்வளவு கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தைக் கட்டுபவர் எல்லை தாண்டி நியூகாசலுக்குக் குடிபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் இனித்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

தலைவர் அவர்கள் இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். நண்பரும் அம்மையாரும் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள்.